காலையில் காலியாக இருக்க வேண்டிய பை: கோழியின் தீனிப்பைச் சிக்கலுக்கு முழுமையான வழிகாட்டி

விடிந்ததும் கூண்டைத் திறந்தால் முந்தியடித்துக்கொண்டு ஓடிவரும் கோழி, ஒரு நாள் மூலையிலேயே நிற்கிறது. இறகு சிலிர்த்திருக்கிறது. தீனிக்கு அருகில் வருகிறது, ஒன்றிரண்டு முறை கொத்துகிறது, தலையை உதறிவிட்டு விலகிப்போகிறது. கழுத்தைப் பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் நெளிக்கிறது. இப்படி ஒரு கோழியைப் பார்த்தால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அதைக் கையில் எடுத்து, கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். நேற்று மாலை தின்றது இன்னும் அங்கேயே இருந்தால், சிக்கல் தீனிப்பையில் தெரிகிறது என்று பொருள்.

‘தீனிப்பையில் தெரிகிறது’ என்று நான் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. பை காலியாகாமல் அப்படியே நிற்பது பல நேரம் நோயே அல்ல; வேறெங்கோ உள்ள கோளாறு அங்கே வந்து முகம் காட்டுகிறது. பையைப் பிசைந்து காலியாக்கிவிட்டு, அது ஏன் நின்றது என்று கேட்காமல் விட்டால், பத்து நாளில் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்போம். இந்த வழிகாட்டி முழுக்க இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்தே போகும்.

அந்தப் பை என்ன செய்கிறது

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதை அப்படியே விழுங்குகிறது. உணவுக்குழாய் போகிற வழியில், கழுத்தின் அடியில், சற்று வலப்பக்கமாக ஒரு பைபோல விரிகிறது. அதுதான் தீனிப்பை. பலரும் இரைப்பை என்றே சொல்வார்கள். வயிற்றையும் அப்படிச் சொல்வதால் குழப்பம் வராமலிருக்க இங்கே தீனிப்பை என்றே எழுதுகிறேன். தின்றது அங்கே சேர்ந்து, தண்ணீரில் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. அடுத்து அமிலம் சுரக்கும் சிறிய முன்வயிறு. அதற்கடுத்து, தடித்த தசையாலான அரைவைப்பை. கோழி பொறுக்கித் தின்ற சிறு கற்கள் அங்கேதான் தங்கி, பல்லின் வேலையைச் செய்கின்றன.

தீனிப்பையைச் சுருக்கி விரிப்பது அதன் சுவரில் உள்ள தசை. அந்தத் தசைக்குக் கட்டளை வருவது வேகஸ் நரம்பு வழியாக. ஆக, பை நிற்க மூன்று வழிகள் உண்டு: உள்ளே இருப்பது நகர முடியாத பொருளாக இருக்கலாம், தசையோ நரம்போ சோர்ந்திருக்கலாம், அல்லது கீழே வழி அடைத்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

படி 1: இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை

மாலையில் கோழி பையை நிரப்பிக்கொண்டுதான் அடையப் போகும். அப்போது அது எலுமிச்சை அளவிலிருந்து சின்ன ஆரஞ்சு அளவு வரை புடைத்திருப்பது இயல்பு. நன்றாகத் தின்ற கோழிக்கு ஒருபக்கம் துருத்திக்கொண்டு தெரிவதைப் பார்த்துப் புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோவது உண்டு. மாலைப் பையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தீர்ப்புச் சொல்வது காலைப் பை. சந்தேகப்படும் கோழியை இருட்டியதும் தனியாக எடுத்து, தண்ணீர் மட்டும் வைத்து, தீனியோ படுக்கைக்கான வைக்கோலோ எட்டாத இடத்தில் விடுங்கள். வைக்கோலைச் சொல்லக் காரணம், பசிக்கும் கோழி அதையே தின்னும். மறுநாள் விடியலில், எதையும் கொடுப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான கோழிக்கு அந்த இடம் தளர்ந்து, தோல் மட்டும் கையில் அகப்படும். தீனிப்பை இருக்கிற இடத்தையே தேட வேண்டியிருக்கும்.

காலையிலும் பை நிறைந்திருந்தால், விரல்கள் சொல்வதைக் கவனியுங்கள்.

கெட்டியாக, பந்துபோல, அல்லது இறுகப் பிசைந்த மாவு உருண்டைபோல இருந்தால் அது அடைப்பு. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். சில சமயம் புல் சுருண்ட கயிறு மாதிரித் தட்டுப்படும்.

தண்ணீர் நிரப்பிய பலூன்போலத் தளதளவென்று இருந்து, அலகருகே புளித்த மாவின் வாடை அடித்தால் அது புளித்த பை. வாயோரத்தில் நீர் கசியலாம், வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரியலாம்.

கெட்டியும் இல்லை, புளிப்பு வாடையும் இல்லை, ஆனால் பாதி அளவு தேங்கியிருக்கிறது என்றால் அது மந்தம். தொடக்க நிலை. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் எளிதில் சரியாகும்.

பை மார்புக்குக் கீழே தொங்கி, நடக்கும்போது பக்கவாட்டில் ஆடினால் அது தொங்கும் பை. தசை நைந்து, தானாகச் சுருங்கும் வலுவை இழந்த நிலை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. அடைப்பு நீடித்தால் உள்ளே இருப்பது புளிக்கும். புளித்தது பலமுறை திரும்ப வந்தால் பை தொங்கும். கெட்டியான உருண்டையைச் சுற்றிப் புளித்த நீர் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

படி 2: முதலில் இதைச் செய்யாதீர்கள்

கோழியைத் தலைகீழாகப் பிடித்து, பையை அமுக்கி, உள்ளே இருப்பதை வாய்வழியே வெளியேற்றச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. நானும் ஒரு முறை அதைக் கேட்டுச் செய்தேன். சாம்பல் நிறக் கோழி, இரண்டு வயது. பை புளித்திருந்தது. கவிழ்த்து அமுக்கினேன், கெட்ட நீர் வந்தது, கூடவே அது மூச்சுக்குத் திணறியது. என் கையிலேயே சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. இப்போது எழுதும்போதும் அந்தக் கனம் கையில் இருக்கிறது.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். கோழியின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடிப்பகுதியில், நடுவிலேயே திறந்திருக்கிறது. நமக்கு இருப்பதுபோல அதை மூட ஒரு மடல் கிடையாது. மேலே ஏறி வரும் நீர் நேரே அந்தத் துளைக்குள் போகலாம். ஆகவே கவிழ்க்க வேண்டாம். கட்டாயம் வெளியேற்றியாக வேண்டிய நிலை என்றால், குழாய் விட்டுக் கழுவத் தெரிந்த கால்நடை மருத்துவர் அதைச் செய்யட்டும்.

இதே காரணத்துக்காக, மல்லாத்தி வைத்து மருந்தோ எண்ணெயோ வாயில் ஊற்றவும் கூடாது. சர்க்கரைப் பாகு, பேதி உப்பு போன்றவற்றை அதிகமாகக் கொடுப்பதும் தவறு. ஏற்கெனவே நீர் வற்றிய கோழியை அது இன்னும் வற்றவைக்கும்; சர்க்கரையோ புளித்த பையில் உள்ள பூஞ்சைக்குத் தீனியாகும். வீட்டுப் பிளேடால் பையைக் கிழித்துத் தைக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு முயல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கோழி வலியை வெளியே காட்டாது. வலி இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

படி 3: தனியிடம், சூடு, தண்ணீர்

மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். நோய் தொற்றும் என்பதைவிட, என்ன தின்கிறது, எவ்வளவு எச்சமிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இதுதான் ஒரே வழி. அடியில் பழைய துணியோ வெறும் காகிதமோ போதும். மரத்தூளும் வைக்கோலும் வேண்டாம். துணியில் நூல் பிரிந்து தொங்கினால் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பசியில் இருக்கும் நோயாளிக் கோழி அந்தச் சூட்டைக் காக்கத் திணறும். உடல் குளிர்ந்தால் பையின் அசைவும் மந்தமாகும். 25 முதல் 28 டிகிரி வரை உள்ள, காற்று நேரே அடிக்காத இடம் நல்லது. வாயைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடலிலிருந்து அகற்றி வைத்துக்கொண்டால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. முட்டையிடும் கோழி சாதாரண நாளிலேயே கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. தானாகக் குடிக்காத கோழிக்கு வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கோழி நிமிர்ந்து நிற்க வேண்டும். சொட்டு அலகில் பட்டதும் அது தானே நக்கி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு 5 மில்லி போதும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். பை ஏற்கெனவே நீரால் ததும்பினால் இப்படிக் கூடுதலாகப் புகட்ட வேண்டாம்; அது குடிப்பதை மட்டும் குடிக்கட்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் அடைப்புக்கும் மந்தத்துக்கும் உதவும்: ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. முதல் நாள் மட்டும், சாதாரணத் தண்ணீரும் பக்கத்தில் வைத்து. புளித்த பைக்கு இது வேண்டாம், சர்க்கரை இருப்பதால்.

படி 4: வகைக்கு ஏற்ற கவனிப்பு

*மந்தம்.* பெரும்பாலும் ஓய்வும் தண்ணீரும் போதும். அரை நாள் தீனியை நிறுத்தி, பையை மெதுவாகத் தடவிக்கொடுத்து, பிறகு ஈரத் தீனியைச் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். ஆனால் கோழி ஏன் மந்தமானது என்ற கேள்விக்கு விடை தேடும் 5ஆம் படியைத் தவிர்க்காதீர்கள். மந்தத்துக்குத்தான் வேறு நோய் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

*அடைப்பு.* இங்கேதான் பொறுமை வேண்டும். நீளமான புல், வைக்கோல், இறகு, நூல், பிளாஸ்டிக் துண்டு இவை உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். வெட்டிப் போட்ட புல்லைக் குவியலாகக் கொடுப்பது பெரிய குற்றவாளி. வேரோடு நிற்கும் புல்லைக் கோழி நுனியில் துணுக்குத் துணுக்காகக் கிள்ளித் தின்னும். வெட்டியதை முழு நீளத்துக்கு விழுங்கிவிடும்.

தீனியை நிறுத்துங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம். மெலிந்த கோழிக்கு அதிலும் பாதி. குஞ்சுகளைப் பட்டினி போடவே கூடாது. பையைத் தளர்த்த எண்ணெய் உதவும். சிரிஞ்சில் எண்ணெய் புகட்டுவதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து, பட்டாணி அளவுத் துண்டுகளாக வெட்டினால் பெரும்பாலான கோழிகள் தாமே கொத்தி விழுங்கும். கொத்தாவிட்டால் அலகைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே வைக்கலாம். மூச்சுக்குழாயில் ஒழுகும் ஆபத்து குறைவு. பைக்குள் போனதும் உடல் சூட்டில் உருகிவிடும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். அரை மணி கழித்து வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துவிட்டுப் பிசையத் தொடங்கலாம்.

பிசைவது எப்படி? கோழியை இடுப்போடு அணைத்து, தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையின் விரல் நுனிகளால் உருண்டையின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் அமுக்கினால் எதுவும் அசையாது. ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி உதிர்ப்பதுபோல, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை. கோழி தலையை உதறினாலோ, வாயில் நீர் வந்தாலோ, மூச்சுச் சத்தம் மாறினாலோ உடனே நிறுத்துங்கள். பலம் தேவையே இல்லை. காலையில் கல்லாக இருந்தது மாலையில் பிசைந்த மாவாக மாறியிருந்தால் அதுவே அன்றைய வெற்றி.

என் செவலைக் கோழிக்கு அடைப்பு இளக இரண்டு நாள் ஆனது. முதல் நாள் முழுக்கப் பிசைந்தும் மாற்றம் இல்லாததுபோல இருந்தது. இரண்டாம் நாள் மதியம் உருண்டை இரண்டாகப் பிளந்ததை விரலில் உணர்ந்தேன். அன்றிரவே எச்சத்தில் சுருண்ட புல் நார் வந்தது. அந்த எச்சத்தைப் பார்த்து நான் மகிழ்ந்த அளவுக்கு அதன் முட்டையைப் பார்த்துக்கூட மகிழ்ந்ததில்லை.

இரண்டு நாளில் கொஞ்சமும் தளரவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தின் எல்லை அதுதான். மயக்க மருந்து கொடுத்துப் பையைத் திறந்து, அடைத்திருப்பதை எடுத்துவிட்டுத் தைப்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை. கோழி மெலிந்து ஓய்ந்த பிறகு கொண்டுபோவதைவிட, உடலில் தெம்பிருக்கும்போதே கொண்டுபோனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நூல், கம்பி, ஆணி விழுங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தால் பிசையவே வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

*புளித்த பை.* இதற்குப் பின்னால் இருப்பது கேண்டிடா என்ற பூஞ்சை. அது ஆரோக்கியமான கோழியிலும் சிறிதளவு இருக்கும். பையில் வாழும் லாக்டோபேசிலஸ் போன்ற நல்ல நுண்ணுயிரிகள் அதை அடக்கி வைக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீண்ட நாள் கொடுத்தாலோ, பூசணம் பிடித்த தீனி போட்டாலோ, பை வேறு காரணத்தால் தேங்கினாலோ அந்தச் சமநிலை குலையும். பூஞ்சை பெருகிப் பையின் உட்சுவர் தடித்து, டர்க்கி டவல்போலச் சொரசொரப்பாகிவிடும்.

ஆகவே புளித்த பைக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது. வேண்டியது பூஞ்சைக்கான மருந்து. மருத்துவர்கள் பெரும்பாலும் நிஸ்டாடின் கொடுப்பார்கள். அது குடலால் உறிஞ்சப்படாது. பூஞ்சையின் மேல் நேராகப் பட்டுத்தான் வேலை செய்யும். எனவே பை ஓரளவு காலியாக இருக்கும்போது கொடுப்பதில்தான் பலன். அளவு கோழியின் எடையைப் பொறுத்தது, அதை மருத்துவரே சொல்லட்டும். வாடை போனதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். எந்த மருந்து கொடுத்தாலும், அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று மறக்காமல் கேளுங்கள்.

வினிகர் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் வினிகர் கலந்தால் புளித்த பை சரியாகும் என்று பலரும் நம்புகிறார்கள். பூஞ்சை புளிப்பிலும் நன்றாகவே வாழும். வினிகர் அதைக் கொல்லாது. தவிர, தகரப் பாத்திரத்தில் வினிகர்த் தண்ணீர் வைத்தால் உலோகம் கரைந்து வரும். தயிரையும் நான் இந்தக் கட்டத்தில் கொடுப்பதில்லை. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்கு மிகக் குறைவு. மயில்துத்தக் கரைசலைப் பழைய கைவைத்தியமாகச் சொல்வார்கள். அளவு சற்றுத் தவறினாலும் அது நஞ்சு. வீட்டில் கரைக்கத் தேவையில்லை.

*தொங்கும் பை.* இதை முழுமையாகத் திருப்ப முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் கவனிப்பு எளிதாகும். பையை மேலே தாங்கும்படி மெல்லிய துணியில் மார்புக்கச்சை போலத் தைத்துக் கட்டலாம். இறக்கையடியில் உராய்ந்து புண்ணாகாமல் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். புல், முழுத் தானியம், ரொட்டி எல்லாம் விலக்கி, ஊறவைத்த தீவனம் மட்டும், சிறிய அளவில், பல வேளை. இரவு அடையும் முன் மெதுவாகத் தடவிவிடுவது. இப்படிப் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும் கோழிகள் உண்டு.

படி 5: ஏன் நின்றது?

பையைக் கவனிக்கும்போதே கோழியின் மற்ற இடங்களையும் பாருங்கள். இது அவசர வேலை. பையைப் பிசைந்துகொண்டே உண்மையான நோயை விட்டுவிட்டால் கோழி போய்விடும்.

வால் கீழே தொங்க, பென்குயின்போல நிமிர்ந்து நின்று முக்குகிறதா? முட்டை சிக்கியிருக்கலாம். உள்ளே முட்டை நிற்கும்போது தீனியும் நிற்கும். முதலில் முட்டைக்கான வழியைப் பாருங்கள். அடிவயிறு நீர் கோத்ததுபோல உப்பியிருந்தால் மஞ்சள் கரு உள்ளே சிதறி வயிற்றுக்குள் அழற்சி வந்திருக்கலாம். அதற்கு மருத்துவர்தான் வேண்டும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறதா? இறக்கை தொங்குகிறதா? வளரும் இளங்கோழியாக இருந்தால் மாரெக்ஸ் நோயை நினைக்க வேண்டும். அந்த வைரஸ் நரம்புகளைத் தாக்குகிறது. வேகஸ் நரம்பும் தாக்கப்பட்டால் பை செயலிழக்கும். அதற்குச் சிகிச்சை இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு.

எச்சத்தைப் பாருங்கள். அடர்பச்சையாக நீர்த்துப் போனால் குடலில் உணவில்லை, பித்தம்தான் வருகிறது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். புழுக்களில் தீனிப்பையின் சுவரிலேயே துளைத்து வாழும் மெல்லிய மயிர்ப்புழுவும் உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாது, எச்சப் பரிசோதனையில்தான் அகப்படும். கைப்பிடி எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பது, கோழியைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆகும் சிரமத்தில் மிகக் குறைந்தது. பழைய பெயின்ட் உரிந்து விழும் சுவர், பற்றவைத்த ஈயம் சிதறிய இடம் பக்கத்தில் இருக்கிறதா என்றும் யோசியுங்கள். ஈய நஞ்சும் பையை நிறுத்தும், எச்சத்தைப் பச்சையாக்கும்.

வாய்க்குள் மஞ்சள் நிறத்தில் பாலாடைக்கட்டி போன்ற திட்டு தெரிந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள், அடியில் ரத்தம் கசியும்.

பை மெதுவாகத்தான் நிறைகிறது, ஆனால் எவ்வளவு பிசைந்தும் கீழே எதுவும் போகவில்லை, எச்சமே இல்லை என்றால் அடைப்பு அரைவைப்பையில் இருக்கலாம். அங்கே விரல் எட்டாது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் பல கோழிகள் சோர்ந்தாலோ, திடீரென்று இறந்தாலோ அது தீனிப்பைச் சிக்கல் அல்ல. வெள்ளைக் கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்ற தொற்றாக இருக்கலாம். எதையும் அறுத்துப் பார்க்காமல், வெறும் கையால் தொடாமல், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

- கொண்டை நீலமாகவோ கருமையாகவோ மாறினால்
- கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டால், அல்லது மூச்சில் களகளச் சத்தம் கேட்டால்
- நிற்க முடியாமல் போனால்
- மார்பு எலும்பு கத்திபோல் துருத்தும் அளவுக்கு மெலிந்திருந்தால்
- அரை நாளாக எச்சமே இல்லாவிட்டால்

படி 6: தீனியைத் திரும்பத் தொடங்குவது

காலைப் பை காலியான அன்றே பழைய தீனிக்குத் திரும்புவதுதான் பலரும் செய்யும் தவறு. தோற்றத்தில் கோழி முழுக்கக் குணமானதுபோல ஓடும், கத்திக் கேட்கும். நமக்கும் மனம் இளகும். ஆனால் நாள்கணக்கில் விரிந்திருந்த தசைக்குத் திரும்ப வலு வர நேரம் வேண்டும்.

முதல் வேளை, வழக்கமான முட்டைக்கோழித் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்து ஒரு மேசைக்கரண்டி. மூன்று, நான்கு மணி நேரம் கழித்துப் பையைத் தொடுங்கள். இறங்கியிருந்தால் அடுத்த கரண்டி. இறங்கவில்லையென்றால் காத்திருங்கள். அவித்த முட்டையை நன்றாக மசித்துக் கொடுக்கலாம். மெலிந்த கோழிக்கு அதில் புரதம் கிடைக்கும். மறுநாள் அளவைக் கூட்டுங்கள், மூன்றாம் நாள் தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் கெட்டியாக்குங்கள். முழுத் தானியமும் கீரையும் ஒரு வாரம் கழித்து.

ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: காலைப் பை எப்படி, எடை எவ்வளவு, எச்சம் எப்படி, என்ன தின்றது. சமையலறைத் தராசே போதும். பை காலியாகிக்கொண்டே எடையும் குறைந்தால், கோழி குணமாகவில்லை, தின்னவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவிலிருந்து சொல்ல முடியாது, எழுதியிருந்தால்தான் தெரியும்.

கையாளும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நலமாகத் தெரியும் கோழியிடமும் சால்மோனெல்லா இருக்கலாம். கோழிக்கு எடுத்த சிரிஞ்சும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்ப வேண்டாம்.

கல் கொடுத்தீர்களா?

கோழிக்கு அடைப்பு என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். சிமென்ட் தரையிலோ கூண்டிலோ இருக்கும் கோழிக்குப் பொறுக்கக் கல் கிடைக்காது. கல் இல்லாத அரைவைப்பை நார்களை அரைக்க முடியாமல் திணறும், வழி அடையும், தீனிப்பை தேங்கும். சிப்பித் தூள் இதற்கு மாற்று அல்ல. அது சுண்ணாம்பு, அமிலத்தில் கரைந்து முட்டை ஓடாகிவிடும். கரையாத கருங்கல் துணுக்கு, கோதுமை மணியைவிடச் சற்றுப் பெரியதாக, தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். தேவையான அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும். அடைப்பு இருக்கும்போது மட்டும் கல் வேண்டாம். பை இறங்கத் தொடங்கிய பிறகு வையுங்கள்.

அடையிலிருக்கும் கோழிக்கும் இறகு உதிர்க்கும் கோழிக்கும் தனிக் கவனம் தேவை. அடைக்கோழி நாளில் ஒரு முறைதான் இறங்கும். அவசரத்தில் வயிறுமுட்டத் தின்றுவிட்டு, தண்ணீரை மறந்து மறுபடி போய் உட்காரும். அது இறங்கும் நேரத்தில் தண்ணீர் கண்ணெதிரே இருக்க வேண்டும். இறகு உதிர்க்கும் காலத்தில் தரையில் கிடக்கும் இறகை மற்றக் கோழிகள் தின்னும். கூட்டினால் போதும். கயிறு, நூல், பிளாஸ்டிக் உறை, அறுந்த வலைத் துண்டு இவற்றை முற்றத்தில் பார்த்த அன்றே பொறுக்கிவிடுங்கள்.

படி 7: கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பது

ஒரு வாரம் பிரிந்திருந்த கோழியைப் பட்டப்பகலில் நடுவில் விட்டால் மற்றவை கொத்தும். மெலிந்திருப்பதால் அதற்கு எதிர்க்கத் தெம்பிருக்காது. நோய் நாட்களிலேயே கூண்டை மற்றக் கோழிகள் பார்க்கும்படி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இருட்டியபின், எல்லாம் அடைந்த நேரத்தில், அதே பழைய கம்பத்தில் கொண்டுபோய் வையுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வைத்தால் விரட்டப்படும் கோழிக்கும் கிடைக்கும்.

சேர்த்த முதல் வாரம், கதவைத் திறக்குமுன் அதைக் கையில் எடுத்துக் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த தோல் மட்டும் அகப்பட்டால் இறக்கி விடுங்கள், ஓடட்டும்.